பூனையின் நெஞ்சில் கோக்கும் நீர்: எடுத்துக்கொண்டே இருக்கலாமா?

வாசகர் கேள்வி:

எங்கள் ஆண் பூனைக்கு ஏழு வயது. எடை 4 கிலோ. ஒரு மாதமாகவே சுறுசுறுப்புக் குறைந்து, அவ்வப்போது இருமிக்கொண்டிருந்தது. ஒரு நாள் திடீரென்று வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியதால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் எக்ஸ்ரேகூட எடுக்காமல் நெஞ்சில் ஊசி போட்டு, இளஞ்சிவப்பு கலந்த பால் நிறத்தில் 180 மி.லி. திரவத்தை எடுத்தார். அன்று மாலையே பூனை சாப்பிட்டது. திரவத்தைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. நீர் பிரிய மாத்திரை மட்டும் தந்தார்கள். 12 நாளில் மறுபடியும் அதே மூச்சுத் திணறல். இப்போது பார்க்கும் வேறொரு மருத்துவர், மீண்டும் நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் குழாய் வைக்க வேண்டும் என்கிறார். எக்ஸ்ரே எடுக்காமல் ஊசி போட்டது சரிதானா? ஊசி நுரையீரலில் குத்திவிடாதா? எடுக்க எடுக்க ஊறிக்கொண்டேதான் இருக்கும், உடம்பிலுள்ள சத்தெல்லாம் போய்விடும் என்று உறவினர்கள் சொல்வது உண்மையா? மாத்திரையிலேயே வற்ற வைக்க முடியாதா? என் அக்கா வீட்டு நாய்க்கு வண்டியில் அடிபட்டபோது நெஞ்சிலிருந்து காற்றை எடுத்தார்கள். சில நாளில் சரியாகிவிட்டது. எங்கள் பூனைக்கு ஏன் அப்படி ஆகவில்லை?

பதில்:

அன்புடையீர்,

எக்ஸ்ரே எடுக்காமல் ஊசி போட்டதை நினைத்து நீங்கள் வருந்த வேண்டாம். அது சரியான முடிவு. உங்கள் பூனை இன்று உங்களோடு இருப்பதற்கே அந்த முடிவு காரணமாக இருந்திருக்கலாம். குறை வேறிடத்தில் இருக்கிறது. எடுத்த திரவம் இன்னதென்று பார்க்காமலே விட்டுவிட்டார்கள். நெஞ்சிலிருந்து நீரை எடுக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும்: விலங்குக்கு மூச்சு திரும்ப வேண்டும், நோய் எதுவென்று கண்டுபிடிப்பதற்கான சான்று மருத்துவரின் கைக்கு வர வேண்டும். முதல் காரியம் நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தரப்படும் மாத்திரை குருட்டாம்போக்கில் தருவதுதான் என்பதால், 12 நாளில் நிலைமை பழையபடி ஆனதில் வியப்பில்லை. இப்போதைய மருத்துவர் சொல்லும் வழியே சரியான வழி.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பது விளங்கினால் மற்ற கேள்விகளுக்கு விடை எளிதாகக் கிடைக்கும். நுரையீரலின் மேற்பரப்பை ஒரு மெல்லிய சவ்வும், விலா எலும்புக்கூட்டின் உட்பக்கத்தை மற்றொரு சவ்வும் போர்த்தியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, உராயாமல் வழுக்கிச் செல்வதற்குப் போதுமான சிறிதளவு ஈரம் மட்டுமே இருக்கும். அந்த இடுக்கில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால்தான், நெஞ்சு விரியும்போது நுரையீரலும் அதோடு சேர்ந்து விரிகிறது. நீரோ காற்றோ அங்கே சேர்ந்துவிட்டால் அந்தப் பிணைப்பு அறுந்து, நுரையீரல் தன் இயல்பான சுருங்கும் தன்மையால் உள்ளே ஒடுங்கிவிடுகிறது. அமைதியாக இருக்கும் 4 கிலோ பூனை ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 40 மி.லி. மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், அவ்வளவு சிறிய நெஞ்சில் 180 மி.லி. திரவம் எத்தனை இடத்தைப் பறித்திருக்கும் என்பது புரியும். நீர் மெல்ல மெல்லச் சேரும்போது பூனை தன் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும். தாவாது, விளையாடாது, ஓரிடத்திலேயே குந்தியிருக்கும். நீங்கள் ஒரு மாதமாகக் கவனித்த மந்தம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சமாளிக்கும் சக்தி தீர்ந்துபோகும் நாளில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. அதனால்தான் பார்ப்பவர்களுக்கு எல்லாம் திடீரென்று நடந்ததுபோல் தோன்றுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே நீர் கசிந்து நிரம்புவது ஒரு நிலை. நுரையீரலைச் சுற்றி நீர் தேங்குவது வேறு நிலை. முதலாவதை ஊசியால் எடுக்க முடியாது. ஆக்சிஜனும், ஃபுரோசமைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்தும்தான் அதற்கு உதவும். இரண்டாவதை அந்த மருந்து விரைவாக வற்றவைக்காது; மூச்சுத் திணறும் அளவுக்குச் சேர்ந்துவிட்ட நீரை ஊசியால்தான் எடுக்க வேண்டும். பூனைகளில் இதய நோயால் இரண்டும் ஒரே நேரத்தில் வருவதும் உண்டு. சுற்றியுள்ள நீருக்குக் காரணம் இதயமாகவே இருந்தாலும், முதலில் ஊசி, பிறகு மாத்திரை என்பதே வரிசை. இதயம் காரணமில்லை என்றால் அந்த மாத்திரை உடலிலுள்ள நீரை வறளச்செய்து, சிறுநீரகத்துக்குச் சுமையேற்றுவதோடு நின்றுவிடும். மாத்திரையிலேயே வற்ற வைக்க முடியாதா என்ற உங்கள் கேள்விக்கு விடை இதுதான்.

எக்ஸ்ரேயைத் தள்ளிவைத்ததற்கும் காரணம் உண்டு. மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் பூனையை எக்ஸ்ரே மேசையில் மல்லாத்தியோ ஒருக்களித்தோ அழுத்திப் பிடித்தால், பிடியிலிருந்து திமிறும் அந்தச் சில நிமிடங்களிலேயே மூச்சும் இதயமும் நின்றுபோகலாம். அத்தகைய பூனையை நெஞ்சு தரையில் படும்படி குந்தவைத்து, முகத்தருகே ஆக்சிஜன் கொடுத்து, பியூட்டார்ஃபனால் போன்ற மென்மையான மயக்க மருந்தைத் தசையில் போட்டு, அச்சம் தணியவிடுவார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி இருந்தால், குந்தியிருக்கும் நிலையிலேயே அதை விலாவில் வைத்து, நீர் இருக்கிறதா என்று ஓரிரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கருவி இல்லாவிட்டாலும், மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் இருந்து, நெஞ்சின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பில் மூச்சொலி கேட்காமல் இருந்தால், ஊசி போட்டுப் பார்ப்பதே முறை. எக்ஸ்ரே நீரை எடுத்த பிறகு எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் நீரின் நிழல் விலகி, இதயத்தின் அளவும் நுரையீரலின் விளிம்பும் தெரியும். முதல் மருத்துவமனையில் நீரை எடுத்து முடித்த பிறகும் படம் எடுக்காதது விடுபட்டுப்போன ஒன்று. ஸ்கேனுக்கு இதற்கு நேர்மாறான ஒரு பயன் உண்டு: நெஞ்சின் முன்பகுதியில் கட்டி இருந்தால், சுற்றிலும் நீர் இருக்கும்போதுதான் அது தெளிவாகத் தெரியும். ஆகவே இந்த முறை பூனையின் நிலை இடம் கொடுத்தால், முழுவதையும் எடுப்பதற்கு முன் ஒருமுறை ஸ்கேனில் பார்த்துவிடும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

ஊசி நுரையீரலில் குத்திவிடாதா என்ற அச்சம் நியாயமானது. இந்தச் செயல்முறை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வழக்கமாக ஏழாவது முதல் ஒன்பதாவது விலா இடைவெளிக்குள் ஓரிடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இதயம் அதற்கு முன்னாலும் கல்லீரல் அதற்குப் பின்னாலும் இருப்பதால் அது பாதுகாப்பான பகுதி. நீர் கீழே தங்கும் என்பதால் அதற்கு நெஞ்சின் கீழ் மூன்றிலொரு பங்கில், விலா எலும்பு குருத்தெலும்போடு சேரும் இடத்தையொட்டி ஊசி செல்லும். காற்று மேலே ஏறும் என்பதால் அதற்கு மேல் மூன்றிலொரு பங்கில் செல்லும். முடியை மழித்து, குளோர்ஹெக்சிடினால் சுத்தம் செய்து, விலா எலும்பை விரலால் தடவிப் பார்த்து, அதன் முன்விளிம்பை ஒட்டியே ஊசியை நுழைக்க வேண்டும். ஒவ்வொரு விலாவின் பின்விளிம்பை ஒட்டியும் இரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடுகின்றன. அந்தப் பக்கம் போனால் இரத்தக் கசிவு ஏற்படும். பூனைகளுக்கு ‘பட்டாம்பூச்சி ஊசி’ எனப்படும், சிறகும் மெல்லிய குழலும் கொண்ட ஊசியே பெரும்பாலும் போதும். குழலின் மறுமுனையில் மூவழித் திருகும் பெரிய சிரிஞ்சும் இருக்கும். ஒருவர் பூனையைப் பிடிக்க, ஒருவர் ஊசியைப் பிடிக்க, மற்றொருவர் சிரிஞ்சை இழுக்க என்று மூன்று பேர் இருப்பது நல்லது. ஊசியைப் பிடித்திருக்கும் கை எதற்காகவும் அசையக்கூடாது.

சவ்வைக் கடக்கும்போது விரலுக்குத் தெரியும்படி மெல்லிய தளர்வு ஒன்று ஏற்படும். மறுகணம் குழலில் திரவம் ஏறும். உடனே ஊசியைச் சாய்த்து, விலாவின் உட்சுவரோடு ஏறக்குறைய இணையாகக் கிடக்கும்படி வைப்பார்கள். நீர் குறையக் குறைய நுரையீரல் விரிந்து ஊசியை நோக்கி வரும் என்பதால் இந்தச் சாய்வு மிக முக்கியம். ஊசி முனையில் மெல்லிய உரசல் தென்பட்டால், நுரையீரல் வந்து தொடுகிறது என்று பொருள். அத்துடன் ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும். கடைசிச் சொட்டுவரை எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. மூச்சு சீராகும் அளவுக்கு எடுத்துவிட்டுச் சிறிது மிச்சம் விடுவது, நுரையீரலைக் கீறுவதைவிட எவ்வளவோ மேல். சிரிஞ்சையும் வலிந்து இழுக்கக்கூடாது. இரண்டு பக்க நெஞ்சறைகளுக்கும் இடையிலுள்ள சவ்வு வழியே நீர் பல சமயம் அங்குமிங்கும் போய்வரும் என்றாலும், அழற்சியால் அது அடைபட்டுப் போவதும் உண்டு; ஆகையால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் மருத்துவர் இருபுறமும் ஊசி போட்டால் பதற வேண்டாம்.

அபாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நுரையீரலில் சிறு கீறல் பட்டுக் காற்றுக் கசியலாம். பெரும்பாலும் தானாக அடைபடும், ஆனால் அதைக் கவனிப்பதற்காகச் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். இரத்தக் கசிவும் தொற்றும் கவனமாகச் செய்யும் கைகளில் அரிது. நெடுநாள் ஒடுங்கிக் கிடந்த நுரையீரல் ஒரேயடியாக விரியும்போது அதனுள் நீர் கசிவதும் அரிதாக நடக்கும். ஒரு விதிவிலக்கும் உண்டு: எலி விஷம் தின்ற விலங்குகளில் இரத்தம் உறையாமல் நெஞ்சில் இரத்தமே தேங்கலாம், அங்கே வைட்டமின் கே1-உம் பிளாஸ்மாவும்தான் முதல் மருந்து, மூச்சுக்கு ஆபத்து வந்தால் மட்டுமே ஊசி. இவை அனைத்தையும் ஒரு தட்டில் வைத்தாலும், மூச்சு முட்டும் பூனையின் நெஞ்சில் நீரை அப்படியே விட்டுவைப்பதன் ஆபத்துதான் கனமானது.

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். வெளியே வரும் திரவத்தின் நிறமும் தன்மையும் நோயை நோக்கிக் கை காட்டும். நிறமற்ற தெளிந்த நீர், இரத்தத்தில் ஆல்புமின் புரதம் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டலாம். வைக்கோல் நிறத்தில் இழுத்தால் நூல்போல் வருவது, எஃப்.ஐ.பி. எனப்படும், பூனைகளுக்குக் கொரோனா வைரஸால் வரும் நோயின் புரதம் மிகுந்த திரவமாக இருக்கலாம். ஒரு காலத்தில் வந்தால் சாவுதான் என்று கருதப்பட்ட இந்த நோய்க்கு, டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஜி.எஸ்.-441524 என்ற மருந்து நம்பிக்கை தரும் சிகிச்சையாகியிருக்கிறது. நாற்றமடிக்கும் கலங்கலான திரவம் சீழ். உங்கள் பூனைக்கு வந்த இளஞ்சிவப்புப் பால் நிறம் பெரும்பாலும் கைல் எனப்படும் கொழுப்பு நிணநீராக இருக்கும். ‘பெரும்பாலும்’ என்றுதான் சொல்கிறேன். சீழும் சில சமயம் பால்போல் தோன்றும், பட்டினி கிடந்த பூனையின் கைல் பால்போல் தோன்றாமலும் போகும். கண்ணை மட்டும் நம்பி மருந்து எழுதக்கூடாது.

ஆகவே இந்த முறை எடுக்கும் திரவத்தை மூன்றாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாயில் ஒரு பங்கு, உயிரணுக்களை எண்ணவும் அவற்றின் வகையைப் பார்க்கவும். வெறுங்குழாயில் ஒரு பங்கு, புரதம், ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு முதலியவற்றை அளக்க. கிருமி நீக்கிய குழாயில் ஒரு பங்கு, கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு. கல்ச்சர் என்றால் காற்றில்லாமல் வளரும் கிருமிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நெஞ்சுச் சீழில் அவைதாம் அதிகம். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உடனே தடவி உலர்த்தி வைத்துவிட்டால், குழாயில் கிடந்து அணுக்கள் சிதைந்தாலும் கவலையில்லை. அதே நேரத்தில் பூனையின் இரத்தத்தையும் எடுத்து இரண்டிலும் ட்ரைகிளிசரைடை அளக்க வேண்டும். திரவத்தில் உள்ள அளவு இரத்தத்தில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் அது கைல்தான் என்பது உறுதியாகும். எளிமையான இந்த ஒரு ஒப்பீடு முதல் நாளே நடந்திருந்தால் உங்களுக்கு 12 நாள் மிச்சமாகியிருக்கும்.

கைல் என்பது என்ன? குடலில் செரித்த கொழுப்பை ஏந்திக்கொண்டு, வயிற்றிலிருந்து நெஞ்சின் வழியாக மேலேறி, இதயத்துக்கு அருகே பெரிய சிரையில் போய்ச் சேரும் நிணநீர் அது. அதைக் கொண்டுசெல்லும் மார்பு நிணநீர்க் குழாயிலிருந்தோ அதன் கிளைகளிலிருந்தோ அது நெஞ்சறைக்குள் கசிகிறது. குழாய் கிழிந்துதான் கசிய வேண்டும் என்பதில்லை. அது போய்ச் சேரும் சிரையில் அழுத்தம் கூடினாலும், வழியில் அடைப்பு இருந்தாலும் கசியும். அதனால்தான் எக்கோ கேட்கிறார்கள். இதயத் தசை தடித்துப்போன பூனைகளில் இது நேரும். நெஞ்சின் முன்பகுதியில் நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டி வளர்ந்தாலும் நேரும். சிரையில் உறைந்த இரத்தக் கட்டி, இதயப்புழு, நுரையீரல் மடல் முறுக்கிக்கொள்வது ஆகியவையும் காரணமாகலாம். புற்றுநோயாக இருந்தால் அந்த அணுக்கள் பல சமயம் திரவத்திலேயே தென்படும், கட்டியை அறுத்துப் பார்க்கும் தேவைகூட வராது. இதற்காகவே ஒன்றை வலியுறுத்துகிறேன்: பரிசோதனைகள் முடியும்வரை ஸ்டீராய்டு எதையும் கொடுக்க வேண்டாம். நிணநீர்ப் புற்றுநோய் அணுக்கள் ஸ்டீராய்டால் சில நாள் ஒடுங்கிக்கொள்ளும்; பூனை தேறிவிட்டதுபோல் தோன்றும், நோயின் அடையாளமோ மறைந்துவிடும். எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்காத பூனைகளும் நிறைய உண்டு. எல்லாக் காரணங்களையும் விலக்கிய பிறகுதான் அப்படிச் சொல்ல வேண்டும்.

எடுக்க எடுக்க ஊறும் என்று உறவினர்கள் சொல்வது சரியல்ல. நீர் ஊறும் வேகத்தைத் தீர்மானிப்பது நோய். எடுத்ததனால் அது கூடுவதில்லை. எடுக்காவிட்டாலும் ஊறத்தான் செய்யும், நுரையீரலுக்கு இடமில்லாமல் போகும்வரை. ஆனால் சத்துப் போய்விடும் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். கைலில் கொழுப்பும், புரதமும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களும், நோய் எதிர்ப்புக்கான லிம்ஃபோசைட் அணுக்களும் இருக்கின்றன. அடிக்கடி எடுத்துக்கொண்டே இருந்தால் பூனை மெலியும், உப்புச் சத்துகளின் சமநிலை கெடும். அத்தோடு, நெடுநாள் தேங்கும் கைல் நுரையீரலின் சவ்வை உறுத்தித் தடிக்கச்செய்து, ஒரு கட்டத்தில் நீரை முழுவதும் எடுத்தாலும் நுரையீரல் விரியாதபடி ஆக்கிவிடும். அந்த நிலையை அடைந்த நுரையீரலை ஊசி கீறினால் எளிதில் அடைபடாது. ஆகவே ‘எடுக்கலாமா, கூடாதா’ என்று யோசிப்பதில் பயனில்லை. எடுத்துக்கொண்டே காலம் கடத்தாமல், எடுத்த கையோடு காரணத்தைத் தேடுவதே வேண்டியது.

காரணம் தெரிந்தால் சிகிச்சை அதற்கேற்ப அமையும்: இதயத்துக்கு இதய மருந்துகள், புற்றுநோய்க்குக் கீமோ. காரணம் கிடைக்காத கைலுக்கு முதலில் கொழுப்புக் குறைந்த உணவும், ரூட்டின் என்ற துணை மருந்தும், தேவைக்கேற்ப ஊசியும் என்று சில வாரம் பார்ப்பது வழக்கம். சில பூனைகளில் கசிவு தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. நிற்கவில்லை என்றால், நுரையீரல் சவ்வு கெட்டுப்போவதற்கு முன் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். மார்பு நிணநீர்க் குழாயைக் கட்டி, இதய உறையின் ஒரு பகுதியை நீக்கும் இந்த அறுவை, நாய்களில் தரும் பலனைப் பூனைகளில் அதே அளவுக்குத் தருவதில்லை. அனுபவமுள்ள அறுவை நிபுணரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். தோலுக்கடியில் சிறு குப்பி ஒன்றைப் பொருத்தி, நெஞ்சுக்குள் ஊசி செலுத்தாமல் அதன் வழியே நீரை எடுக்கும் ஏற்பாடும் உண்டு.

நெஞ்சில் வைக்கும் குழாய் என்றதும் பலரும் அஞ்சுகிறார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை ஊசி போட வேண்டியிருந்தாலோ, சீழாக இருந்தாலோ, காற்று நிற்காமல் கசிந்தாலோ, ஒவ்வொரு முறையும் குத்துவதைவிடக் குழாய் வைப்பது விலங்குக்கு இதமானது. பூனைகளுக்கு இப்போது மெல்லிய கம்பி வழியாகச் செலுத்தும் சிறிய குழாய்களே போதும். சீழுக்கு இதைத் தவிர்க்கவே முடியாது: இளஞ்சூட்டு உப்பு நீரால் நெஞ்சறையை நாள்தோறும் கழுவ வேண்டும், கல்ச்சர் முடிவுப்படி ஆன்ட்டிபயாட்டிக் பல வாரம் தொடர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: குழாயோடு இருக்கும் விலங்கை இரவும் பகலும் யாராவது கண்காணிக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். குழாய் கழன்றாலோ பூனை அதைக் கடித்தாலோ நெஞ்சுக்குள் காற்றுப் புகுந்து சில நிமிடத்தில் உயிர் போய்விடும். குழாய் உள்ளே இருப்பதே சிறிது நீரைச் சுரக்கச்செய்யும் என்பதால், வரும் நீர் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மி.லி. அளவுக்குக் குறைந்ததும், நீரிலுள்ள உயிரணுக்களின் சோதனையும் நன்றாக இருந்தால், அதை எடுத்துவிடுவார்கள்.

உங்கள் அக்கா வீட்டு நாயின் கதை வேறு. வண்டி மோதிய அதிர்ச்சியில் நுரையீரலில் கிழிசல் ஏற்பட்டு, அதன் வழியே காற்று வெளியேறி நெஞ்சறையில் தேங்கியிருக்கிறது. நுரையீரல் ஆரோக்கியமாக இருந்ததால் கிழிசல் சில நாளில் மூடிக்கொண்டது. ஓரிரு முறை காற்றை எடுத்து, ஓய்வாக வைத்திருந்ததே போதுமாக இருந்தது. அங்கே காயம் ஒன்றுதான் காரணம், அது ஆறியதும் கதை முடிந்தது. உங்கள் பூனையிடம் காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. காற்றும் எப்போதும் எளிதாகத் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடக்கூடாது. அடிபடாமலே நாய்க்கு நெஞ்சில் காற்றுச் சேர்ந்தால், நுரையீரலின் மேல் கொப்புளம் வெடித்திருக்கலாம். அதற்கு ஊசி தற்காலிக உதவியே, பெரும்பாலும் அறுவை வேண்டியிருக்கும். கிழிசல் ஒருவழிக் கதவுபோல் வேலை செய்து, ஒவ்வொரு மூச்சிலும் காற்று உள்ளே புகுந்து வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறினால், இதயத்துக்கு இரத்தம் திரும்பவே வழியில்லாமல் போகும். அந்த நிலையில் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஊசி போட்டாக வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைத் தவறாமல் செய்யுங்கள். பூனை ஆழ்ந்து உறங்கும்போது அதன் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணி, நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். உறங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 30க்குக் கீழ் இருப்பது இயல்பு. உங்கள் பூனையின் எண் வழக்கத்தைவிட நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போனால் நீர் சேர்கிறது என்று பொருள். 30ஐத் தாண்டி நின்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள், 40ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முழங்கைகளை விரித்துக் கழுத்தை நீட்டி உட்காருவது, வாய் திறந்து மூச்சு விடுவது, ஈறு நீலமாகவோ சாம்பலாகவோ மாறுவது ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும் உடனே கிளம்ப வேண்டும். கிளம்பும்போது மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டால் ஆக்சிஜன் தயாராக இருக்கும். பூனையை மார்போடு அணைத்துத் தூக்காமல், காற்றோட்டமான கூடையில் அது விரும்பும் நிலையிலேயே உட்காரவிடுங்கள். வாயில் நீரோ உணவோ மாத்திரையோ திணிக்காதீர்கள். மனிதர்களுக்கான மருந்து எதுவும் கூடாது. பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நீரை வீட்டிலேயே எடுக்கக் கற்றுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நெஞ்சில் நேரடியாக ஊசி போடுவதைப் பொறுத்தவரை கூடவே கூடாது.

எத்தனை முறை எடுக்கலாம் என்பதற்கு ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. இரண்டு முறைகளுக்கு இடையில் எத்தனை நாள் ஆகிறது, அந்த நாட்களில் பூனை எப்படி வாழ்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இடைவெளி 12 நாளிலிருந்து 20 நாளாக, ஒரு மாதமாக நீண்டால், பூனை உண்டு உறங்கி உங்களோடு உறவாடினால், தொடர்வதில் கொடுமை ஏதும் இல்லை. சிகிச்சை நடந்தும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, எடையும் குறைந்தால், அறுவையா, தோலடிக் குப்பியா, அல்லது வலியின்றி விடைகொடுப்பதா என்று உங்கள் மருத்துவரோடு வெளிப்படையாகப் பேசுங்கள். அந்தப் பேச்சு இன்று வேண்டாம். இன்னும் ஒரு பரிசோதனைகூட முடியவில்லை. ஸ்கேனும் எக்கோவும் முடிந்து, திரவத்திலும் இரத்தத்திலும் உள்ள ட்ரைகிளிசரைடு எண்கள் கைக்கு வந்ததும், உயிரணுச் சோதனை அறிக்கையோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவற்றை வைத்துச் சொல்கிறேன்.